லோயர் கேம்ப்: யுவனின் அக்கா உறங்கும் மலையடிவாரம்

தேனியில் குமுளி பஸ் ஏறினால் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஊர்கள் வரிசையாக வரும். வழியெல்லாம் நெல் வயல், தென்னை, திராட்சைத் தோட்டம். பஸ் மலையேறுவதற்கு முன் வருவது லோயர் கேம்ப். தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்து வரும் முல்லைப் பெரியாறு தண்ணீர், இங்கே மின்சாரம் தந்துவிட்டுத்தான் கம்பம் பள்ளத்தாக்கு வயல்களுக்குப் போகிறது.

இங்குள்ள இளையராஜாவின் தோட்டத்தில்தான் அவர் மகள் பவதாரிணி உறங்குகிறார். புற்றுநோய் சிகிச்சைக்காக இலங்கை சென்றவர், 2024 ஜனவரி 25-ல் அங்கேயே இறந்தார். வயது 47. இரண்டு நாள் கழித்து பாட்டி சின்னத்தாய், அம்மா ஜீவா நினைவிடங்களுக்கு அருகே அடக்கம் செய்தார்கள்.

நமக்கு அவர், ‘பாரதி’ படத்தின் ‘மயில் போல பொண்ணு ஒண்ணு’ பாட்டுக்குத் தேசிய விருது வாங்கிய பாடகி. யுவன் ஷங்கர் ராஜாவுக்கு அக்கா. பெங்களூரில் ‘கோட்’ படத்துக்கு ஒரு மெட்டு அமைத்தபோது, இது அக்காவுக்கான பாட்டு என்று யுவனுக்குத் தோன்றியதாம். குணமாகி வந்ததும் பாட வைக்கலாம் என்று நினைத்தார். ஒரு மணி நேரத்தில் இறப்புச் செய்தி வந்தது.

பிறகு செயற்கை நுண்ணறிவின் உதவியோடு அக்காவின் குரலையே அதில் சேர்த்தார். அதுதான் ‘சின்ன சின்ன கண்கள்’. குரல் திரும்பக் கிடைத்தது. பாட்டைக் கேட்டு, “நல்லா வந்திருக்குடா” என்று சொல்லத்தான் அக்கா இல்லை.

அடுத்த முறை குமுளி போகும்போது, லோயர் கேம்ப்பில் அந்தப் பாட்டைக் கேளுங்கள். அக்கா இருப்பவர்கள் அங்கிருந்தே ஒரு போன் போட்டுவிடுங்கள். மலையேறினால் சிக்னல் கிடைக்காமல் போகலாம்.