விடுவதும் தடுப்பதும்: ‘லெட்’ என்னும் ஆங்கில வினையின் மூலம்

இந்தியக் கடவுச்சீட்டில், அதனை உடையவரைத் தாராளமாகச் செல்ல அனுமதிக்குமாறு குடியரசுத் தலைவரின் பெயரால் விடுக்கப்படும் வேண்டுகோளின் ஆங்கில வாசகத்தில், ‘வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்’ என்னும் தொடர் இடம்பெற்றுள்ளது. பிரித்தானியக் கடவுச்சீட்டிலும் இதே தொடர் உண்டு. ‘ஹிண்ட்ரன்ஸ்’ என்பது இடையூறு. ‘லெட்’ என்பதோ ‘விடு’, ‘அனுமதி’ என்றே பள்ளிப் பாடம் முதல் அறியப்பட்ட சொல். அப்பொருளைக் கொண்டால், அனுமதியின்றிச் செல்ல அனுமதிக்க வேண்டும் என்று அரசே கேட்பதாக முடியும். ஆங்கிலத்தில் ‘லெட்’ என ஒலிக்கும் சொற்கள் இரண்டு என்பதே இம்முரணுக்கு விடை.

முதற்சொல்லின் மூலம், 12ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டதாகிய பழைய ஆங்கிலத்தில் வழங்கிய ‘லேட்டன்’ என்னும் வினை. விட்டுச்செல்லுதல், போகவிடுதல், அனுமதித்தல் ஆகியன அதன் பொருள்கள். வீட்டை வாடகைக்கு விடுதலும், நோய் தணிய நாளத்தைக் கீறிக் குருதி வடித்தலும் அவற்றிலிருந்து கிளைத்தவை. தமிழின் ‘விடு’ என்னும் வினையும் போகவிடு, கைவிடு, வாடகைக்கு விடு என்று ஏறத்தாழ இதே பரப்பில் இயங்குவதால், இக்கிளைப்பு தமிழ் வாசகர்க்குப் புதிதன்று. ஜெர்மன் மொழியின் ‘லாஸன்’ இதன் இனச்சொல், அதாவது ஒரே மூதாதைச் சொல்லிலிருந்து வேறொரு மொழியில் தனியே வளர்ந்த வடிவம்.

இரண்டாம் சொல்லின் மூலம் ‘லெட்டன்’. மெதுவான, பிந்திய என்று பொருள்பட்டு, இன்று ‘லேட்’ என வழங்கும் பெயரடையிலிருந்து பிறந்த இவ்வினை, ஒருவரைப் பிந்தச் செய்தலையும் அதன் வழியாகத் தடுத்தலையும் குறித்தது. தமிழில் ‘தாமதம்’ என்பதிலிருந்து ‘தாமதப்படுத்து’ என்னும் வினை அமைவதை இதனோடு ஒப்பிடலாம். காயப்படுத்துதலைக் குறிக்கும் ‘ஃபெர்லெட்ஸன்’ என்னும் ஜெர்மன் வினைக்குள் இதன் இனச்சொல் இன்றும் உள்ளது.

தடுத்தல் என்னும் இப்பொருள் அருகிய வழக்கன்று என்பதற்கு இரு புகழ்பெற்ற நூல்கள் சான்று. 1600ஐ ஒட்டி எழுதப்பட்ட ‘ஹாம்லெட்’ நாடகத்தின் முதல் அங்கத்தில், தந்தையின் ஆவியைப் பின்தொடர முயலும் இளவரசன், தன்னைப் பிடித்து நிறுத்துவோரை ஆவியாக்கிவிடுவதாக மிரட்டும் இடத்தில், ‘நிறுத்துதல்’ என்பதற்கு ஷேக்ஸ்பியர் ஆளும் வினை ‘லெட்’. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்திலும், ரோமுக்கு வரப் பலமுறை எண்ணியும் தடைப்பட்டதாகப் பவுல் எழுதும் இடத்தில் இச்சொல்லே நிற்கிறது; 1881இல் வெளியான திருத்தப் பதிப்பு இதை நீக்கி, ‘ஹிண்டர்’ என்னும் வினையை அங்கு அமைத்தது.

பொருளால் எதிரெதிரான இவ்விரு வினைகளும் பிறப்பால் அயலானவை அல்ல. எழுத்துச் சான்று எஞ்சாத நிலையில், வழிவந்த மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் மீட்டமைத்துள்ள இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில், தளர்தல், நெகிழவிடுதல் என்னும் பொருளுடைய ஒரே வேரிலிருந்து இரண்டும் கிளைத்தன. களைப்புற்றவரைக் குறிக்கும் ‘லாஸுஸ்’ என்னும் லத்தீன் சொல்லும் அவ்வேரினதே. பிடித்த கை தளர்ந்தால் பற்றிய பொருள் விடுபடுகிறது. நடக்கும் கால் தளர்ந்தால் நடை பிந்துகிறது. முன்னதிலிருந்து அனுமதியும் பின்னதிலிருந்து தடையும் தோன்றின.

காலப்போக்கில் வினைகளின் ஈற்றசைகள் தேய்ந்து, முதல் வினையின் நெட்டுயிரும் குறுகியதால், இரண்டும் ஒரே வடிவம் பெற்றன. ‘அவனை லெட் செய்தான்’ என்பது போன்ற தொடரில் விட்டானா, தடுத்தானா என்னும் ஐயம் எழக்கூடிய நிலையில், தடுத்தலைக் குறிக்க ‘ஹிண்டர்’, ‘பிரிவெண்ட்’ என்னும் ஐயத்திற்கிடமற்ற வினைகள் இருந்தமையால், பழைய வினை வழக்கொழிந்தது. பெயர்ச்சொல்லாக மட்டும் அது சில இடங்களில் எஞ்சியது. டென்னிஸில் ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் வீச்சின் பந்து வலையின் மேல்விளிம்பை உரசி, உரிய கட்டத்துக்குள்ளேயே விழும்போது நடுவர் ‘லெட்’ என்று அறிவிப்பது, ஆட்டம் தடைப்பட்டது என்னும் பொருளில்தான்; அவ்வீச்சு கணக்கில் சேராமல் மீண்டும் இடப்படுகிறது. அங்கு ஆட்ட விதி பொருளைக் காக்கிறது. கடவுச்சீட்டிலோ, பின்தொடரும் ‘ஹிண்ட்ரன்ஸ்’ என்னும் துணைச்சொல் அதனைக் காக்கிறது. தனித்து நின்ற வினை மறைய, துணை பெற்ற பெயர் மட்டும் எல்லைகளைக் கடந்துகொண்டிருக்கிறது.