ஆவடி ரயிலில் ஒரு சைஸ் கதை

மேற்கத்திய உடைகளின் கதையைத் தெரிந்துகொள்ள லண்டனுக்கும் பாரிஸுக்கும் போக வேண்டாம், சகோதரிகளே! ஆவடியில் மின்சார ரயில் ஏறி, நாலாவது ஸ்டேஷனான பட்டரவாக்கத்தில் இறங்கினால் போதும்.

ஆவடி என்றதும் டாங்கி தொழிற்சாலைதான் நினைவுக்கு வரும். ராணுவத்தினருக்கு உடை தைக்கும் தொழிற்சாலையும் 1961 முதல் இங்கே இருக்கிறது. 2021-லிருந்து ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட் என்ற அரசு நிறுவனத்தின் கீழ் வருகிறது.

ராணுவத்துக்கும் நம் ரெடிமேட் துணிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். லட்சக்கணக்கான சிப்பாய்களுக்கு ஆளாளுக்கு அளவெடுத்துத் தைக்க நேரமேது? அளவுகளைக் குறித்துப் பார்த்தபோது, மார்பு இத்தனை இன்ச் என்றால் இடுப்பு அநேகமாக இத்தனை என்று ஒரு கணக்குப் பிடிபட்டது. போர் முடிந்ததும் அந்தக் கணக்கு கடைக்கு வந்தது. 1851-ல் சிங்கர் காப்புரிமை பெற்ற தையல் மிஷினும் கைகொடுக்க, ஆண்களின் ரெடிமேட் உடைகள் பெருகின.

பெண்களுக்கு? 1939-40-ல்தான் அமெரிக்க அரசு ஏறக்குறைய 15,000 பெண்களை அளவெடுத்தது. அதிலும் வெள்ளைக்காரப் பெண்களின் அளவுகளையே கணக்கில் கொண்டார்கள். 1958-ல் அதையொட்டி ஒரு சைஸ் முறை வந்தது. 1983-ல் அதையும் கைவிட்டார்கள். அப்புறம் கம்பெனிக்குக் கம்பெனி ஒரு சைஸ்தான்!

காலை ரயிலில் மகளிர் பெட்டி நிறைய, அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் பெண்கள். கையில் சாப்பாட்டுப் பை, தலையில் கனகாம்பரம். பக்கத்தில் இருந்தவர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லராம்.

"காலர் வைக்கிறவங்க வேற, கஃப் வைக்கிறவங்க வேற, அக்கா. நான் ஆறு வருஷமா பாக்கெட் மட்டும்தான்" என்றார்.

"சைஸ் யார் முடிவு பண்றது?"

"வாங்குற நாட்டுக்காரங்க அனுப்புற அளவுதான். அரை இன்ச் கூடினாலும் திருப்பிடுவாங்க."

தைப்பது நம் பெண்கள், அளவு யாருடையதோ!

கூட வந்த என் நாத்தனார் மகள் இதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பூந்தமல்லியில் ஒரு கடையில் நாலு பேண்ட் போட்டுப் பார்த்து, ஒன்றும் சேராமல், ஒரு வாரமாக ராத்திரிச் சாப்பாட்டையே விட்டிருந்த பெண் அவள்.

"அப்போ என் உடம்புல கோளாறு இல்லையா, அத்தை?"

"உனக்கென்னடி குறை? லேபிள் உன்னைப் பார்த்தா எழுதினாங்க?" என்றேன். அன்று ராத்திரி தட்டில் சோறு வைத்துக்கொண்டாள்.

நம் உடல்வாகுக்கென்று தனி சைஸ் முறை வகுக்க, நிஃப்ட் கல்வி நிறுவனம் 25,000 பேரை அளவெடுக்கும் திட்டத்தில் இறங்கியது நல்ல செய்திதான். அந்த சைஸ் கடைக்கு வரும்வரை நாம் செய்ய வேண்டியது இதுதான். வீட்டில் நன்றாகப் பொருந்தும் ஓர் உடையைத் தரையில் விரித்து, மார்பு, இடுப்பு, உயரம் மூன்றையும் இன்ச் டேப்பால் அளந்து ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் லேபிளைப் பார்க்காமல் துணியை அளந்து வாங்குங்கள். உள்தையலில் ஒரு விரல் துணி விட்டிருந்தால், பின்னால் பிரித்துத் தைக்கலாம். வளரும் பிள்ளைகளுக்குக் கீழ்மடிப்பு தாராளமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

துணியைப் பிரித்துத் தைக்கலாம். அதற்காக உடம்பை வாட்ட வேண்டாம்.