ஏரிக்கரையில் ஒரு ஹுத்ஹுத்

2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில் எங்கள் அம்மா மௌத்தானார்கள். ஜனாஸாவில் கலந்துகொண்டோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. அதன்பின் அத்தாவை அம்பத்தூரில் எங்கள் இல்லத்துக்கே அழைத்து வந்துவிட்டோம். வந்தார்களேயன்றிப் பேச்சு வரவில்லை. தொழுகை, உணவு, மீண்டும் சன்னலோர நாற்காலி. பேரன் சலாம் சொன்னால் பதில் வரும், அவ்வளவே.

அவ்வாண்டு கார்த்திகையில், மழை சற்றே ஓய்ந்த ஒரு ஞாயிறன்று, பறவை பார்க்க வேண்டுமென்று மகன் அடம் பிடித்தான். சாலிம் அலியின் நூலைப் புரட்டிப் புரட்டி வாத்துகளின் பெயர்களையெல்லாம் மனனம் செய்திருந்தான். சுபுஹுத் தொழுகை முடிந்ததும் அத்தாவையும் வற்புறுத்தி ஏற்றிக்கொண்டு, பூந்தமல்லியைக் கடந்து செம்பரம்பாக்கம் சென்றோம்.

ஏரி கடல்போல் கிடந்தது. 24 அடி ஆழம் கொள்ளும் ஏரி. அடைமழைக்குப் பின் கேட்பானேன்? நீர்க்காகங்கள் சில, கொக்குகள் சில. ஊசிவால் வாத்து ஒன்றுகூட இல்லை. அவை தலையை நீருக்குள் கவிழ்த்து அடிச்சேற்றில் இரை தேடுபவை. ஆழம் அவற்றுக்கு ஆகாது. நீர் வற்றத் தொடங்கும் தை, மாசியில் நாங்கள் வந்திருக்க வேண்டும். இது எனக்குப் பின்னரே தெரிந்தது. புத்தகம் படித்த பிள்ளைக்கும் தெரியவில்லை என்பதில் எனக்குச் சிறு ஆறுதல்! அவன் முகமோ வாடிவிட்டது.

அப்போது, வண்டியருகே நின்றிருந்த அத்தா கையசைத்து அழைத்தார்கள். கரைச்சரிவின் புல்தரையில் ஒரு பறவை, நீண்டு வளைந்த அலகால் ஈரமண்ணைக் குத்திப் புழு தேடிக்கொண்டிருந்தது. செம்பழுப்பு உடல், சிறகில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள். எங்கள் காலடியோசை கேட்டதும் தலைக்கொண்டை விசிறிபோல் விரிந்தது.

"கொண்டலாத்தி!" என்றான் மகன்.

"ஹுத்ஹுத்" என்றார்கள் அத்தா. "நபி சுலைமான் (அலை) அவர்களுக்கு ஸபா நாட்டுச் செய்தியைக் கொண்டுவந்த பறவை. உன் நன்னி இந்தக் கதையைச் சொல்லித்தான் உன் அம்மாவுக்குச் சோறூட்டுவாள்."

அரிய பறவையன்று, நம் பக்கத்தில் ஆண்டு முழுதும் காணக்கூடியதே. ஆனால் ஆறு மாதங்களில் அத்தா அம்மாவைப் பற்றி வாய் திறந்தது அன்றுதான்.

திரும்பும்போது பூந்தமல்லி நெரிசலில் வண்டி நின்று நின்று நகர்ந்தது. "அப்புறம் என்ன ஆச்சு நன்னா?" என்று பேரன் கேட்டுக்கொண்டே வந்தான், அத்தா சொல்லிக்கொண்டே வந்தார்கள். அம்மா சொல்லும் கதையில் எறும்புகள் முதலில் வரும். அத்தா அவற்றை விட்டுவிட்டார்கள். நான் திருத்தவில்லை.