எட்டும் ஏழும் ஒரே தட்டில்

போன கார்த்திகையில், போடிமெட்டுப் பக்கம் மலையே தெரியாமல் மூட்டம் போட்டிருந்த ஒரு சாயங்காலம், மகன் வந்து "எட்டு பத்தலைப்பா" என்றான். நான் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறவன். எட்டு என்றால் எனக்கு எட்டு எம்.எம். காய்தான். சல்லடையில் எட்டு எம்.எம். கண்ணுக்கு மேலே நிற்கிற காய்க்குத்தான் போடிநாயக்கனூரில் மரியாதை. "எட்டுக்கு மேல என்னடா வேணும்?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் சொன்னது ராம் என்கிற கம்ப்யூட்டர் மெமரியை. படிப்புக்கு என்று வாங்கிய கம்ப்யூட்டர், எல்லா வீட்டிலும் போலவே விளையாட்டுக்கு ஆகிவிட்டது. 'ஜிடிஏ 5' வரைக்கும் 8 ஜிபியில் பிழைப்பு ஓடியது. 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' அப்படியில்லை. குறைந்தபட்சம் 8, நன்றாக ஓட வேண்டுமானால் 12 என்று கேட்கிறது. பின்னால் நாலு குரோம் ஜன்னலும் திறந்திருந்தால் குதிரை ஓடுகிற ஓட்டத்திலேயே அந்தரத்தில் நிற்கும். அதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

முறைப்படி செய்வதென்றால், பழைய ஸ்டிக்கைக் கழற்றிவிட்டு ஒரே டப்பாவில் ஜோடியாக வருகிற இரண்டை வாங்கிப் போட வேண்டும். ஜோடியைச் சேர்த்தே சோதித்து அனுப்புவார்கள். ஆனால் நாங்கள் விலை கேட்ட நேரம் சரியில்லை. உலகத்தின் மெமரி சிப்பில் பெரும்பகுதி சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்று மூன்று பேர் கையில் இருக்கிறது. மூவரும் ஏஐ டேட்டா சென்டர்களுக்கான சிப்பின் பக்கம் திரும்பிவிட்டார்கள். எங்களுக்கு வேண்டிய டிடிஆர்4 பழைய ரகம் என்று அதன் உற்பத்தியையும் சுருக்கிக்கொண்டு வந்தார்கள். 2025 டிசம்பர் தொடக்கத்தில், கடைகளில் விற்கிற தன் 'குருசியல்' வியாபாரத்தையே விட்டுவிடப் போவதாக மைக்ரான் அறிவித்தது. அதற்கு முந்தைய சில மாதங்களிலேயே விலை இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. மகனுக்கு அது அநியாயமாகப் பட்டது. எனக்கு அதிர்ச்சியே இல்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடுக்கித் தோட்டங்கள் அடி வாங்கி, அடுத்த கோடையில் மழையும் பொய்த்து, 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் தொட்டதைப் பார்த்தவன் நான். விலை இருக்கிற அன்றைக்குச் சரக்கு இருக்காது, சரக்கு இருக்கிற அன்றைக்கு விலை இருக்காது. இதை மலையில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.

ஆகவே பழைய எட்டை விட்டுவிட மனசில்லை. அதோடு ஒரே ஒரு 16 ஜிபி சேர்ப்பது என்று முடிவானது. மகன் மதுரைக்குப் போய் வாங்கி வந்தான், ரயிலில். 2010 கடைசியில் மீட்டர் கேஜ் நின்றுபோய், 2023 ஜூனில்தான் போடிக்குத் திரும்ப ரயில் வந்தது. அதில் ஏறுவதற்கு ஏதாவது காரணம் தேடிக்கொண்டே இருப்பான் அவன்.

பழையது பச்சை நிறத்தில் மொட்டையாக இருக்கிற 2666 வேகத்து ஸ்டிக். புதியது சிவப்புத் தகட்டுச் சட்டை போட்ட 3200. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என் அம்மா இரண்டையும் வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். நாற்பது வருஷம் ஏலக்காய் பொறுக்கிய கை. காய் கையில் பட்டதுமே ஏழா எட்டா என்று சொல்லிவிடும்.

"ரெண்டும் வேற வேற காயால்ல இருக்கு?"

"கலந்து போடலாம் அப்பத்தா."

"கலந்தா சின்னக்காய் வெலதான் கெடைக்கும்."

அம்மா சொன்னது அப்படியே சரி. ஒவ்வொரு ஸ்டிக்கிலும் தன் வேகம், தன் அளவு, தன் நிதானம் எல்லாவற்றையும் எழுதி வைத்த ஒரு பொடிச் சிப் உண்டு. மெஷின் எழும்போது முதலில் அதைத்தான் படிக்கிறது. படித்துவிட்டு, இரண்டுக்கும் ஒத்துவருகிற வேகத்தில், அதாவது மெதுவானதன் வேகத்தில், இரண்டையும் நடத்துகிறது. நொடிக்கு 320 கோடி தடவை தகவல் மாற்றக்கூடிய புதியது, பழையதற்காக 266 கோடியோடு நின்றுகொள்கிறது. கேட்டதை எடுத்துக் கொடுக்கிற தாமதமும் அப்படித்தான். புதியது தனியாக இருந்தால் 10 நானோநொடி. பழையது 14 சொச்சம். சேர்ந்தபின் இரண்டுக்கும் 14 சொச்சம்தான்.

முதல் தடவை இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் குழியில் செருகினான். திரை வந்தது, வேகம் வரவில்லை. நாலு குழி இருந்தால் இரண்டாவதிலும் நாலாவதிலும் போட வேண்டும். அப்போதுதான் இரண்டு தனிப் பாதையில் தகவல் போகும். அடுத்தடுத்துப் போட்டால் இரண்டு ஜீப்பும் ஒரே கொண்டை ஊசி வளைவில் ஒன்றின் பின்னால் ஒன்று முக்க வேண்டியதுதான். எட்டும் பதினாறும் சமமில்லையே என்றால், எட்டுக்கு எட்டு இரட்டைப் பாதையில் போகும், மிச்ச எட்டு ஒற்றையில் ஊரும். அதற்கு மேல் மெஷினே நமக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்கிறது.

பிறகு ஆசை வந்தது. பயாஸில் எக்ஸ்எம்பி என்கிற முழுவேகக் கணக்கைப் போட்டுவிட்டான். திரை இருண்டது. விசிறி சுற்றும், நிற்கும், சுற்றும். மூன்று தடவை முயன்றுவிட்டு, மெஷின் தானாகவே பழைய வேகத்துக்கு இறங்கி எழுந்தது. இரண்டாம் முறை அதே விளையாட்டு. நான் அதற்குள் பழைய ஸ்டிக்கின் பித்தளை நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துக் கொடுத்தேன். எங்கள் ஊர் ஈரத்துக்கு அது எப்போதும் நல்லது. ஆனால் இது ஈரத்தின் கோளாறு இல்லை. பழையதால் அந்த வேகத்துக்கு ஓட முடியவில்லை, அவ்வளவுதான். 2666 போதும் என்று நிறுத்திக்கொண்டோம்.

கலக்கவே கூடாது என்று சட்டம் பேசுகிறவர்களை அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். ஒரே கம்பெனி, ஒரே மாடல் எண் என்று ஆறு மாதம் கழித்து வாங்கினால்கூட உள்ளே வேறு தயாரிப்பாளரின் சிப் இருக்கலாம். டப்பாவின் மேல் இருக்கிற எழுத்து மூட்டையின் மேல் எழுதுகிற எழுத்து மாதிரி. ஏல மையத்தில் வியாபாரி விலையைக் கம்ப்யூட்டரில்தான் அழுத்துகிறார். ஆனால் அழுத்துவதற்கு முன் மாதிரிக் காயைத் தட்டில் கொட்டிப் பார்க்காமல் யாரும் விரலை நீட்டுவதில்லை.

நாங்களும் கொட்டிப் பார்த்தோம். பென் டிரைவில் மெம்டெஸ்ட் என்கிற சோதனையை ஏற்றி ராத்திரி பூரா ஓடவிட்டோம். இரண்டரை மணிக்குக் கரண்ட் போனது. இந்த ராம் என்பதே விசித்திரமான பண்டம். 1960களில் ஐபிஎம்மில் ராபர்ட் டெனார்ட் கண்டுபிடித்த அமைப்பு அது. ஒவ்வொரு துளித் தகவலும் கசிகிற ஒரு குட்டிப் பாத்திரத்தில் மின்னாக நிற்கிறது. 64 மில்லிநொடிக்குள் திரும்ப நிரப்பாவிட்டால் மறந்துவிடக்கூடும். கரண்ட் போனால் இருபத்துநாலு ஜிபியும் காலி. ஸ்டோரில் காய் உலர்த்துகிறவர்களும் இதே நேரத்தில்தான் எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். விடியற்காலையில் கரண்ட் வந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தோம். மறுநாள் மதியம் ஒரு பிழையும் இல்லாமல் முடிந்தது.

சாயங்காலம் விளையாட்டு ஓடியது. எடுத்தவுடன் பனிமலை. குளிரில் விறைத்த ஆட்கள், வண்டிகள், குதிரைகள். எங்கேயும் நிற்கவில்லை. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது எந்தப் பக்கத்து மலை?"

"அமெரிக்கா, அப்பத்தா."

"இந்தப் பனி பெஞ்சா செடி என்னத்துக்குடா ஆகும்?" என்றாள்.