கண்வழிச் செல்லும் மொழி

மொழி என்றவுடன் நாவும் செவியும் நினைவுக்கு வருதல் இயல்பு. காது கேளாதாரின் மொழியோ கையிலும் முகத்திலும் பிறந்து கண்வழிச் செல்வது. பினாங்கில் 1954ஆம் ஆண்டு காது கேளாதோருக்கான கூட்டரசுப் பள்ளி தோன்றியது. வாய்ப்பேச்சுப் பயிற்சியே அங்கு முதன்மை பெற்றிருந்தும், மாணவர் தமக்குள் சைகையாலேயே உரையாடினர். 2008ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளர் சட்டம் மலேசியச் சைகை மொழியைக் காது கேளாதாரின் அதிகாரத்துவ மொழியாக ஏற்றது.

ஆயினும், பள்ளி வாயிலையே மிதியாத முதியவர் ஒருவர் மருத்துவமனைக்கு வந்தால் என் செய்வது? அவர் அறிந்தவை வீட்டுச் சைகைகள் மட்டுமே. இங்குதான் காது கேளாத மொழிபெயர்ப்பாளரின் பணி தொடங்குகிறது. கேளாதவர் எங்ஙனம் மொழிபெயர்ப்பார் என ஐயுற வேண்டா. செவியுள்ள மொழிபெயர்ப்பாளர் மருத்துவரின் சொல்லைக் கேட்டுச் சைகையாக்குவார். கேளாதவர் அதனைக் கண்டு, முதியவருக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தருவார்.

"உணவுக்குப் பின் மூன்று வேளை ஒரு மாத்திரை" என்பது மருத்துவர் கூற்று. கேளாதவரோ கதிரவன் எழுவதைக் கையால் காட்டுகிறார். உண்டு முடிப்பதை நடிக்கிறார். பிறகே மாத்திரையை வாயிலிடுகிறார். உச்சிவெயிலுக்கும் இருளுக்கும் அவ்வாறே. வேண்டின் தாளில் படமும் வரைவார். சொல்லின் வரிசையைவிட நிகழ்ச்சியின் வரிசையே அவருக்குப் பெரிது. காற்றில் ஓரிடத்தை மகளுக்கென வகுத்துவிட்டால், பின்னர் அவ்விடத்தைச் சுட்டினாலே மகள் என்பது பொருள். உயர்ந்த புருவம் வினாவாகும்; பல சைகை மொழிகளில் முகமே இலக்கணத்தின் ஒரு பகுதி.

இவர் நிற்கும் இடமும் கருதத்தக்கது. சாளரத்துக்கு முன் நின்றால் முகம் இருண்டுவிடும்; பூப்போட்ட சட்டை விரல்களை விழுங்கிவிடும். செவி எத்திசையிலும் கேட்கும். கண்ணுக்கு ஒரே திசைதான். மருத்துவர் மருந்துச் சீட்டைக் காட்டும்போது சைகை நின்று காத்திருத்தல் வேண்டும். (கரும்பலகையில் எழுதிக்கொண்டே விளக்கும் நம் ஆசிரியர்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.)

எல்லாவற்றினும் கடினமானது முதியவரின் தலையசைப்பு. விளங்காதபோதும் மரியாதைக்காக அசைவது அது. மருத்துவர் அதனை ஒப்புதல் எனக் குறித்துக்கொள்ளக்கூடும். அவ்வகைத் தலையசைப்பைத் தம் வாழ்நாள் முழுதும் கண்டவர், ஏன், தாமும் செய்தவர், அக்கேளாத மொழிபெயர்ப்பாளர். ஆதலின் அவர் நம்பிவிடுவதில்லை. மாத்திரையை முதியவர் கையிலேயே கொடுத்து, எப்போது உண்பார் என நடித்துக் காட்டச் சொல்கிறார்.