அரைச் சிப்பி விருந்து

நம்மவர்களுக்கு அன்பு மிகுந்துவிட்டால் கை உடனே கரண்டியைத் தேடும். வீட்டுக்கு வந்தவரிடம் "சௌக்கியமா?" என்று கேட்பதற்கு முன்பே "சாப்பிட்டாயிற்றா?" என்று கேட்டுவிடுகிறோம். காக்கைக்குச் சாதம், நாய்க்குப் பிஸ்கோத்து, எறும்புக்கு அரிசிமாக் கோலம் என்று அந்தக் கரண்டி மனித ஜாதியோடு நின்றுவிடுவதும் இல்லை. பெரிய குணம்தான், சந்தேகமில்லை. ஆனால், இந்தக் குணத்தை நம் இஷ்டப்படி காட்டினால் இரண்டே வாரத்தில் உயிரை விட்டுவிடக் கூடிய ஒரு ஜீவன் இருக்கிறது. அதன் பெயர் கடற்சாமந்தி.

பெயரைப் பார்த்துப் பூ என்று நினைத்துவிட வேண்டாம். அது ஒரு பிராணி. பாறையில் அடிப்பாகத்தை ஒட்டவைத்துக்கொண்டு, மேலே இதழ்களைப் போல விரல்களை விரித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு விரலிலும் கண்ணுக்குத் தெரியாத விஷ ஊசிகள் நிறைந்திருக்கின்றன. மூளை கிடையாது; உடம்பு முழுவதும் நரம்பு வலை மட்டும் உண்டு. வாய் ஒன்றே ஒன்று. உள்ளே போவதும் அதன் வழியாகத்தான், கழிவு வெளியே வருவதும் அதன் வழியாகத்தான். இவ்வளவு சிக்கனமாகப் படைக்கப்பட்ட ஒன்றை எடின்பரோ நகரில் படிக்கும் என் அக்காவின் பேரன் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிறான். ஸ்காட்லாந்துக் கடற்கரைப் பாறைகளில் சாதாரணமாகக் காணப்படும் கருஞ்சிவப்பு ஜாதி அது. அலை வற்றினால் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு, ஒரு பெரிய கோவைப்பழம் பாறையில் ஒட்டியதுபோல உட்கார்ந்துவிடுமாம்.

"இதற்கு என்ன சாப்பாடு போடலாம், தாத்தா? நீங்கள் எதையும் படித்துப் பார்த்துச் சொல்லுவீர்களே!" என்று கேட்டிருந்தான். இறாலின் வாசனைகூட அறியாத சைவ வீட்டில் பிறந்த என்னிடம் இப்படி ஒரு கேள்வி! ஆனால், நாவல் எழுதுகிறவனுக்கு எந்த விஷயமும் அந்நியம் இல்லை. படித்தேன்.

படித்தவற்றின் சாரம் இது. கடலில் அதன் கைக்கு என்ன அகப்படுமோ, அதற்கு நெருங்கியதே நல்ல ஆகாரம்: சிப்பியின் சதை, ஓடு நீக்கிய இறால், கூனி, வெள்ளை மீன் துண்டு. எல்லாம் பச்சையாக இருக்க வேண்டும். உப்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் கூடாது, வேகவைத்ததும் கூடாது, கருவாடு கூடவே கூடாது. கெடாமல் இருக்க மருந்து போட்ட இறாலையும் விலக்க வேண்டும். உறைபதனப் பெட்டியிலிருந்து எடுத்ததாக இருந்தால் பனி உருகும் வரை வைத்து, அலசிவிட்டுப் போட வேண்டும். ஆட்டிறைச்சி, கோழி போன்றவற்றின் கொழுப்பு அதற்கு ஆகாது. தங்கமீன் முதலிய நன்னீர் மீன்களை உயிரோடு விட்டு வேடிக்கை பார்ப்பது அந்த மீனுக்கும் கொடுமை, இதற்கும் நல்லதல்ல. தினம் ஒரே பதார்த்தமாக இல்லாமல் இன்று சிப்பி, அடுத்த முறை இறால் என்று மாற்றிக் கொடுப்பது உத்தமம்.

எதைக் கொடுப்பது என்பதைவிட எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. துண்டு அதன் வாயைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. சின்னப் பிராணியானால் ஒரு துவரம்பருப்பளவு போதும். வாரத்துக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை. நீளமான இடுக்கியால் எடுத்து, விரல்களில் மெதுவாகத் தொட வேண்டும். பசியிருந்தால் அது பற்றிக்கொள்ளும். விரல்கள் ஒவ்வொன்றாக வளைந்து வாயை நோக்கிக் கொண்டுபோகும். பசி இல்லாவிட்டால் துண்டு வழுக்கி விழுந்துவிடும். விழுந்ததை உடனே எடுத்துவிட வேண்டும். அது தண்ணீரில் அழுகினால் அம்மோனியா உண்டாகும். தொட்டி முழுவதும் விஷமாகிவிடும். வலுக்கட்டாயமாகப் பெரிய துண்டைத் திணித்தாலோ, மறுநாள் அதை அப்படியே வெளியே தள்ளிவிடும். பட்டினியால் சாகிற கடற்சாமந்தியைப் போலவே உபசாரத்தால் சாகிற கடற்சாமந்தியும் உண்டு என்று தெரிந்துகொண்டேன்.

இன்னொரு விசித்திரம். வெப்பக் கடலில் வாழும் சில ஜாதிகளின் உடம்புக்குள்ளே நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. அவை சூரிய வெளிச்சத்தில் சமைத்து, வீட்டுக்காரருக்கும் ஒரு பங்கு கொடுக்கின்றன. அந்த ஜாதிகளுக்கு வெளிச்சமே பாதிச் சாப்பாடு. இருட்டில் வைத்துவிட்டு இறாலாக ஊட்டினாலும் பயன் இல்லை. எங்கள் பையன் வளர்க்கும் ஜாதிக்கு அந்தச் சமையற்காரர்கள் கிடையாது. அது கையால் பிடித்துத் தின்பதையே நம்பியிருக்கிறது.

அவன் படிக்கும் எடின்பரோவிலேயே இந்த ஜாதியில் ஒரு பாட்டியம்மாள் வாழ்ந்திருக்கிறாள். கதையல்ல, சரித்திரம். ஸர் ஜான் டாலியல் என்ற பிரபு 1828-ஆம் வருஷம் நார்த் பெரிக் கடற்கரையில் ஒரு கடற்சாமந்தியை எடுத்து வந்து, ஒரு சின்னக் கண்ணாடி ஜாடியில் வளர்த்தார். கடலிலிருந்து தண்ணீர் சுமந்து வருவதற்கென்றே ஆள் வைத்திருந்தார். 1851-ல் அவர் காலமானார். பாட்டி காலமாகவில்லை. ஜான் பிளெமிங் என்ற பேராசிரியரின் பராமரிப்புக்குப் போனாள். அவருக்குப் பிறகும் கை மாறி, கடைசியில் எடின்பரோ தாவரத் தோட்டத்தாரிடம் வந்து சேர்ந்தாள். 1857-ல் ஒரே இரவில் இருநூறுக்கு மேற்பட்ட குஞ்சுகளை ஈன்று எல்லாரையும் திகைக்க வைத்தாள். 'கிரானி' என்றே ஊரார் அவளை அழைத்தார்கள். பார்க்க வந்தவர்கள் ஒரு புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். 1887-ல்தான் உயிர் பிரிந்தது. ஐம்பத்தொன்பது வருஷம் ஜாடி வாசம்!

அந்த அம்மாளுக்கு என்ன ஆகாரம் தெரியுமா? பதினைந்து நாளைக்கு ஒரு தடவை அரைச் சிப்பி. தண்ணீர் மட்டும் அடிக்கடி புதிதாக மாற்றப்படும்.

இதை என் மனைவியிடம் சொன்னேன். "பதினைந்து நாளைக்கு அரைச் சிப்பியா? பிரபு வீட்டில் இவ்வளவு கஞ்சத்தனமா?" என்று அவள் வாயில் கையை வைத்தாள்.

கஞ்சத்தனம் அல்ல என்பதற்கு ஐம்பத்தொன்பது வருஷம் சாட்சி. ஆனாலும், அந்தக் காலத்தில் எல்லாரும் டாலியலைப் போல இருக்கவில்லை. பிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கை ஆராய்ச்சியாளர் 1854-ல் வெளியிட்ட 'அக்வேரியம்' என்ற புத்தகத்தால் இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு கண்ணாடித் தொட்டி வைக்கும் மோகம் பரவியது. கடற்சாமந்திக்கு ஆகாரம் கொடுப்பது போதாதென்று அதையே வறுத்துச் சாப்பிட்டுப் பார்த்து, அதையும் எழுதிவைத்த மகானுபாவர் அவர்! என் தொழிலுக்கு உறவான ஒருவரும் இந்த மோகத்தில் சிக்கியிருக்கிறார். 1856-ல் இல்ஃப்ரகூம் என்ற கடற்கரை ஊரில் ஜார்ஜ் ஹென்றி லூயிஸ் என்ற எழுத்தாளரும் மேரியன் எவன்ஸ் என்ற பெண்மணியும் பாறை பாறையாக ஏறி இறங்கி, பிடித்த பிராணிகளை ஜாடிகளிலும் கிண்ணங்களிலும் போட்டுவைத்துக் கவனித்தார்கள். அதே வருஷம் செப்டம்பரில் அந்தப் பெண்மணி தம் முதல் கதையை எழுதத் தொடங்கினார். ஜார்ஜ் எலியட் என்று உலகம் அறிந்திருப்பவர் அவர்தான். ஜாடிக்கும் கதைக்கும் சம்பந்தம் உண்டோ இல்லையோ, பேச முடியாத ஜீவனை எதிரே வைத்துக்கொண்டு அதற்கு என்ன வேண்டும் என்று மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு நாவலாசிரியருக்கு வீண் பயிற்சி ஆகாது.

எனக்கும் அந்தப் பயிற்சி இப்போது வேண்டியிருக்கிறது. என் தாயாருக்கு வயது தொண்ணூற்று மூன்று. பேச்சு மிகவும் குறைந்துவிட்டது. காலையில் அரை டம்ளர் கஞ்சி, மத்தியானம் குழைந்த சாதம் நாலு கவளம், அவ்வளவுதான். வருகிற உறவினர்களுக்கு இது பொறுப்பதில்லை. "இன்னும் ஒரு கவளம், அத்தை! எனக்காக ஒரு வாய்!" என்று கெஞ்சுகிறார்கள். அன்பினால் கெஞ்சுகிறார்கள் என்பது தெரியும். அதனால்தான் அவர்களைத் தடுப்பது கஷ்டமாக இருக்கிறது. அம்மா வாயை மூடிக்கொள்ளுகிறாள். அதற்கு மேல் கொடுத்தால் புரை ஏறிவிடும் என்று வைத்தியர் எச்சரித்திருக்கிறார்.

கடற்சாமந்திக்கும் தாயாருக்கும் ஒப்புமை சொல்லுவதா என்று வாசகர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒப்புமையில் உள்ள அபாயம் எனக்கும் தெரிகிறது. அரைச் சிப்பிக் கதையைப் படித்துவிட்டுக் 'குறைத்துக் கொடுப்பதே தர்மம்' என்று சட்டம் போட்டால், அது இன்னொரு விதமான மூடத்தனம். பட்டினி போட்டால் கடற்சாமந்தி சுருங்கிச் சுருங்கிச் சிறியதாகிவிடும். உள்ளே இருக்கும் பாசிகளை இழந்து வெளுத்துப்போன ஜாதிக்கு, தேறும் வரை சிறு சிறு துண்டுகளாக அடிக்கடி கொடுக்கத்தான் வேண்டும். ஆகவே கணக்கு புத்தகத்தில் இல்லை. விரல்கள் பற்றுகின்றனவா, நழுவவிடுகின்றனவா என்று பார்த்து அறிய வேண்டியிருக்கிறது. அம்மா விஷயத்திலும் மாதம் ஒரு தடவை எடை பார்க்கிறோம். குறைந்தால் வைத்தியரைக் கூப்பிடுகிறோம். மற்ற நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்கிறோம். சில நாளில் ஐந்தாவது கவளத்துக்குத் தானாக வாயைத் திறக்கிறாள். அன்றைக்கு வீட்டில் தீபாவளிதான்.

அக்காவின் பேரனுக்குப் பதில் எழுதிவிட்டேன். "சிப்பியோ இறாலோ, பச்சையாக, உப்பில்லாமல், சிறியதாகக் கொடு. விழுந்ததை எடுத்துவிடு. அது மூடிக்கொண்டிருக்கும்போது தொந்தரவு செய்யாதே. நிறையக் கொடுக்க ஆசையாக இருந்தால் தண்ணீரை நிறைய மாற்று" என்று எழுதினேன்.

அந்தக் கடைசி வாக்கியத்தை என் மனைவி ஒப்புக்கொண்டாள். உபசாரம் செய்யத் துடிக்கிற கைக்கு ஏதாவது ஒரு வேலை கொடுத்துத்தானே ஆகவேண்டும்? இப்போதெல்லாம் அம்மாவைப் பார்க்க வருகிறவர்களிடம் அவள் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தைக் கொடுத்து, "காலைப் பிடித்துவிடுங்கள்" என்கிறாள். யாரும் மறுக்கவில்லை. அம்மாவும் காலை நீட்டிக்கொள்ளுகிறாள்.