நிலத்துக்குத் தேய்மானம் உண்டா?

பி.காம். படித்தவர்களுக்கு நினைவிருக்கும். கட்டிடம், மெஷின், நாற்காலி எல்லாவற்றுக்கும் தேய்மானம் போடலாம். நிலத்துக்கு மட்டும் கிடையாது. இருபது வருஷமாய் அந்த தைரியத்தில்தான் கடன் கொடுத்து வந்தேன், ஒடிசாவில் கேந்திரபாரா மாவட்டத்துக்கு மாற்றல் வாங்கும் வரை (நான் எங்கே வாங்கினேன், கொடுத்தார்கள்!).

ஒரு நாள் பெரியவர் ஒருவர் வந்து பட்டாவை நீட்டினார். (இங்கேயும் பட்டாதான் பேர்.) அதை ஈடாக வைத்து மோட்டார் படகுக்குக் கடன் வேண்டுமாம். எண், பரப்பு, முத்திரை எல்லாம் சரி.

"இடத்தை நேரில் பார்க்கணுமே?"

"வாங்க சார், படகிலதான் போகணும்."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. அவர் ஊர் சதபாயா. ஏழு கிராமங்கள் இருந்த இடம். கடல் ஒவ்வொன்றாய் எடுத்துக்கொண்டது. மிஞ்சிய 571 குடும்பங்களை அரசு 2018-ல் பாகபாட்டியாவில் குடியேற்றியது. அதே வருஷம் ஏப்ரலில் பஞ்சுபராஹி அம்மன் சிலைகளும் ஊரைவிட்டுக் கிளம்பின. மீனவப் பெண்கள்தான் அங்கே பூசாரிகள், ஆண்கள் சிலையைத் தொடவே கூடாது. ஆனால் அன்று கனம் தாங்காமல் ஆண்களைக் கூப்பிட்டுத்தான் தூக்க வேண்டியிருந்தது.

1901-லிருந்து 2018 வரை உலகக் கடல்மட்டம் ஏறியது சராசரியாய் 20 செ.மீ. ஒரு சாண் கூட இல்லை! கடல்நீர் சூட்டில் விரிகிறது, பனிப்பாறை உருகி வந்து சேருகிறது. கடைசிப் பன்னிரண்டு வருஷங்களில் வருஷத்துக்கு 3.7 மி.மீ. வேகம். மொத்தப் பழியையும் இதன் தலையில் போடவும் முடியாது. ஆறு கொண்டுவர வேண்டிய மணலும் வண்டலும் அணைகளில் தங்கிவிட்டால் கரை தானாகவே அரிக்கும். ஆனால் இந்தத் தட்டையான கரையில் ஒரு சாண் தண்ணீருக்கு ஊருக்குள்ளேயே வழி இருக்கிறது.

விண்ணப்பத்தில் 'ஈடு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விதிப்படி சரிதான். பெரியவர் பட்டாவைத் திருப்பி வாங்கி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஈரம் படாமல் மடித்துக்கொண்டார். எதற்கு என்று கேட்க வாய் வரவில்லை.

அன்று ராத்திரி, ரிட்டையர் ஆனதும் வீடு கட்டலாம் என்று நாங்கள் ஈ.சி.ஆர். பக்கம் வாங்கிப்போட்ட ஒன்றரை கிரவுண்டை கூகுள் மேப்பில் தேடினேன். மனைக்கும் அலைக்கும் நடுவே எத்தனை மீட்டர் என்று அளந்தேன். தங்கமணியிடம் இன்னும் சொல்லவில்லை. நல்லவேளை, அவள் இந்த வலைப்பூ பக்கம் வருவதில்லை. ஹிஹி.